சங்கிலிப் பெட்டிக்குள் எழும்பிய கோபுரம்

போன மாதம் சிங்கப்பூரின் லாசரஸ் தீவுக் குடாவில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு சுமத்ரா அடித்தது, மேற்கிலிருந்து திடீரென்று வரும் காற்றும் மழையும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இங்கே படகு வைத்திருப்பவர்கள் மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவோம், அதனால் காற்று ஒன்றும் ஆச்சரியமில்லை. தண்ணீரில் 25 மீட்டர் நங்கூரச் சங்கிலி கிடந்தது. இன்னும் 15 மீட்டர் விட்டால் நிம்மதி என்று கொட்டுகிற மழையில் முன்னால் போய், நங்கூரம் தூக்கும் எந்திரமான விண்ட்லாஸின் பிடியைத் தளர்த்தினேன். கடகடவென்று மூன்று மீட்டர் ஓடியது. டங்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

கீழே முன்னறையில் படுத்திருந்த மனைவி சங்கிலிப் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "ஒரே சிக்கா கிடக்குங்க! எதைப் பிடிச்சு இழுக்கிறது?" துடைப்பக் கட்டையை உள்ளே விட்டு அவள் நெம்ப, நான் மேலே ஆட்ட, பத்து நிமிடம் போனது. அதற்குள் காற்றும் தணியத் தொடங்கிவிட்டது. கிடந்த 28 மீட்டரில் நங்கூரம் பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம்.

அந்தத் துடைப்பக் கட்டை ஒன்றரை வருடமாகப் படகில் இருக்கிறது. அதன் வேலையே இதுதான். நான் மேலே பொத்தானை அமுக்கி நங்கூரத்தைத் தூக்குவேன், அவள் கீழே உட்கார்ந்து உள்ளே விழும் சங்கிலியைக் கட்டையால் தள்ளித் தள்ளிச் சாய்ப்பாள். தள்ளாவிட்டால் சங்கிலி விழுந்த இடத்திலேயே குவிந்து கோபுரமாக எழும்பும். உச்சி, சங்கிலி உள்ளே இறங்கும் மேல்தளக் குழாயின் வாயை முட்டியதும் அடுத்த கண்ணிக்கு இடம் இருக்காது, விண்ட்லாஸில் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரமான ஜிப்சியிலேயே சுற்றிக்கொள்ளும். தூக்கும்போது இது வெறும் எரிச்சல்தான். ஆபத்து, தள்ளாமல் விட்ட கோபுரம் பிறகு தானாகச் சரிவதில் இருக்கிறது. கடைசியாக உள்ளே வந்த சங்கிலி உச்சியில் இருக்கும், அடுத்த முறை முதலில் வெளியே போகவேண்டியதும் அதுதான். பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரி ஒன்று எழுப்பிய அலையில் படகு ஒரு குலுக்கு குலுங்கினால் உச்சி பக்கவாட்டில் உருண்டு அடிக்குப் போகும், அடியில் இருந்த பழைய சுருள்கள் அதன்மேல் சரியும். ஓடவேண்டிய சங்கிலி இப்போது புதைந்த சங்கிலி. அன்று நடந்தது இதுவேதான்.

இதற்கு முன்னால் ஜிப்சியோடு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். படகோடு வந்த துருப்பிடித்த சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு 50 மீட்டர் புதுச் சங்கிலி வாங்கினேன், 10 மில்லி. "பத்து மில்லின்னா பத்து மில்லிதான் சார்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். பத்து மில்லியில் டின் 766 என்று ஒரு தர அளவு, ஐஎஸ்ஓ 4565 என்று இன்னொன்று. கம்பியின் தடிமன் ஒன்றே, கண்ணியின் உள்நீளம் மட்டும் 28க்கும் 30க்கும் வித்தியாசம். ஜிப்சிக்கும் சங்கிலிக்கும் பொருந்தாத அந்த 2 மில்லிமீட்டர்தான் மூன்று மாதம் உயிரை வாங்கியது. ஐந்தாறு மீட்டருக்கு ஒரு தடவை பல்லிலிருந்து எகிறும், சுமை ஏறினால் இன்னும் மோசம். இனி வாங்குபவர்கள் கடையிலேயே பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து முனைக்கு முனை அளந்துகொள்ளுங்கள். டின் என்றால் 300 மில்லி, ஐஎஸ்ஓ என்றால் 320. கண்ணாலேயே தெரியும். ஒற்றைக் கண்ணியைக் காலிப்பர் வைத்து அளந்தால் நாக முலாம் பூசிய தடிப்பில் ஏமாந்து போவோம். கடைசியில் சங்கிலியை மாற்றாமல் ஜிப்சியை மாற்றினேன். வந்து சேர ஆறு வாரம் ஆனது, விலையைக் கேட்காதீர்கள்.

ஜிப்சி சரியானதும் பிரச்சினை ஒழிந்தது என்று நினைத்தேன். உண்மையில் எகிறாமல் ஒழுங்காக விழ ஆரம்பித்ததும் கோபுரம் இன்னும் நேராக எழும்பியது!

பழைய சங்கிலியில் 10 மீட்டரை வெட்டி வைத்திருந்தேன். அதை வீட்டுக்குத் தூக்கிவந்து எங்கள் அடுக்குமாடி புளோக் மாடிப்படியில் நின்று, கீழே விரித்த அட்டைமேல் மெல்ல இறக்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கிலிச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அங்கிள் கேட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். குவியல் ஒரு சாண் உயரம் வந்தது. சரிவு ஏறக்குறைய 45 பாகை. 10 மீட்டருக்கு ஒரு சாண் என்றால் 50 மீட்டருக்கு ஐந்து சாண் ஆகாது. குவியல் எல்லாப் பக்கமும் பெருப்பதால் உயரம் கனமூலக் கணக்கில்தான் கூடும், 5க்கு 1.7 மடங்கு. அதாவது 36 சென்டிமீட்டர் சுமார். என் பெட்டியில் குழாய் வாயிலிருந்து தரைவரை 38. அணியப் பக்கம் (படகின் முன்பக்கம்) சுவர்கள் குறுகுவதால் குவியல் இன்னும் உயரும். கணக்குப்படியே முட்டுகிறது, மனைவி சரியாகத் தள்ளவில்லை என்று நான் முனகியதெல்லாம் அநியாயம். (இதை அவளிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது.)

முதலில் எனக்குத் தோன்றிய வைத்தியம், பெட்டியைப் பின்பக்கம் அகலப்படுத்துவது. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ரிக்கராக, அதாவது பாரம் கட்டித் தூக்குபவராக இருந்தவர். படம் வரைந்து காட்டினேன். "அகலம் எதுக்குடா? கப்பல்ல சங்கிலி அறை கிணறு மாதிரி இருக்கும். ஆழமா, ஒடுக்கமா. அகலமா இருந்தாத்தான் குவியும், ஒடுக்கமா இருந்தா சுவரே தள்ளிவிட்டுரும்" என்றார். ஒரு வாரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு டீ ஆறுவதற்குள் பதில்.

பெட்டியின் தரையைத் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம். அடியில் வெறும் இடம், ஒட்டுப்பலகைமேல் கண்ணாடியிழை பூசிய பொய்த்தரை. துளை போட்டுக் கம்பி விட்டுப் பார்த்தேன், 24 சென்டிமீட்டர் ஆழம். உடனே வெட்டிவிடலாம் என்று கை பரபரத்தாலும் ஒன்றை முதலில் பார்த்தாகவேண்டும்: புதுத்தரை நீர்மட்டத்துக்கு மேலே இருக்குமா? கீழே போனால் பெட்டியில் சேரும் தண்ணீர் தானாக வெளியே வடியாது, படகின் அடிவயிற்றுக்கு விட்டுப் பம்பு வைக்கவேண்டும். சேற்றுத் தண்ணீரைப் பம்புக்கு விட எனக்கு மனமில்லை. மரினாவில் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பி, சங்கிலியும் நங்கூரமும் முன்னால் இருக்க, வெளியே நீர்க்கோட்டிலிருந்து அளந்தேன். புதுத்தரை 11 சென்டிமீட்டர் மேலே வரும். அலையில் துளை வழியாக உள்ளே கொஞ்சம் ஏறும், பிறகு வடிந்துவிடும். பரவாயில்லை.

வெட்டியது பட்டறையில் வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி. முன்பக்கத்தை அவர் 'அணியம்' என்றுதான் சொல்வார், நானும் அவரிடமிருந்து தொற்றிக்கொண்டேன். "அண்ணே, அணியத்துல இம்புட்டுக் கனத்த வச்சா மூக்கு குத்துமே" என்றார். மீட்டருக்கு 2.3 கிலோ, 50 மீட்டருக்கு 115 கிலோ, நங்கூரம் தனியாக 20. அவர் சொல்வது நியாயம்தான். தரை இறங்கியதால் அந்தக் கனமும் ஒரு சாண் கீழே இறங்கியது என்பது என் சமாதானம்.

எபாக்சி வேலையை மட்டும் நானே செய்தேன், அதில் ஒரு கலவை பாழ். நம்மூர் வெயிலில் கோப்பையில் கலந்த எபாக்சியை அப்படியே வைத்தால் நிமிடங்களில் புகைந்து கட்டியாகிவிடும். கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிடவேண்டும். ஈரக்காற்றில் மேலே படியும் மெழுகு போன்ற பிசுக்கைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு போடக்கூடாது. தரையை வடிதுளைப் பக்கம் சரிவாக அமைத்தேன். சுவர்களுக்குக் காய்கறி வெட்டும் பலகை செய்கிற அதே வெள்ளை பாலிஎத்திலீன் தகடு, 6 மில்லி, குழாயைச் சுற்றி ஒடுங்கும்படி. இதில் சாதாரணப் பசை ஒட்டாது, திருகாணிதான். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், வெயிலில் தகடு நீளும்.

தகடு தேடி அலைந்த சாக்கில் ஜாலான் புசார் இரும்புக் கடைகளையும் ஒரு சுற்று வந்தேன். ஷேக்கிள் (ஆணி போட்டுப் பூட்டும் இணைப்பு வளையம்) நல்லதாகக் கிடைத்தது. ஆனால் அங்கே தொங்கும் சங்கிலி பாரம் தூக்கும் சங்கிலி, ஜிப்சிக்காக அளவு பிசகாமல் செய்ததல்ல, மயங்கிவிடாதீர்கள். அடுத்த சங்கிலியை மலேசியாவின் லங்காவிக்குப் போய் வாங்க ஆசை. 1987லிருந்து அது வரியில்லாத் தீவு, இங்கேயோ 9 விழுக்காடு ஜிஎஸ்டி. படகிலேயே போய் ஏற்றிக்கொண்டால் கூரியர் செலவும் மிச்சம். போய்வரும் டீசலை மட்டும் கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஸ்விவல் (முறுக்கு அவிழச் சுழலும் இணைப்பு) போடவில்லையா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. சங்கிலிக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஷேக்கிள், ஆணியைக் கம்பியால் கட்டியிருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கொரு தரம் நீரோட்டம் திரும்பும் இடத்தில் சங்கிலி முறுக்கிக்கொள்ளும் என்பார்கள். தூக்கும்போது தானே அவிழ்ந்துகொள்கிறது. நங்கூரம் ராக்னா வகை. பழைய சி.கியூ.ஆர் வகை நங்கூரத்தை மனசில்லாமல்தான் கழற்றினேன். 1933ல் ஜி.ஐ. டெய்லர் என்ற இயற்பியல் மேதை தன் பாய்மரப் படகுக்காக யோசித்துக் கண்டுபிடித்த கலப்பை வடிவம் அது. ஆனால் உபின் தீவுப் பக்கத்துச் சேற்றில் என்னுடையது உண்மையாகவே உழுதுகொண்டு போனது.

போன சனிக்கிழமை சோதனை. மறுபடி லாசரஸ். வத்தத்தில் (நீர் வடிந்திருக்கும்போது) 6 மீட்டர் ஆழம், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருநாளில் ஏத்தம் (நீர் ஏறுவது) 3 மீட்டர், தண்ணீரிலிருந்து அணியத்தில் சங்கிலி ஓடும் உருளைவரை 1.2, மொத்தம் 10.2. அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது என்றால் 51, ஆக இருந்ததெல்லாம் விட்டாகிவிட்டது. திரும்ப ஏற்றும்போது மனைவி கீழே போகவில்லை, காபியோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். 40 மீட்டர்வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விழுந்தது, தகட்டில் சரசரவென்று சறுக்கும் சத்தம் மட்டும். கடைசிப் பத்து மீட்டரில் உச்சி எழும்பி, தானே ஒருமுறை சரிந்தது. சரிந்தாலும் புதையவில்லை, குழாய்க்குக் கீழே இன்னும் ஒரு கை அகலம் இடம் இருந்தது. வரும் வழியில் வேண்டுமென்றே ஒரு ஃபெரியின் அலையில் குறுக்கே விட்டேன். காபி கொட்டியது. நங்கூரத்தை மறுபடி போட்டபோது முதல் 20 மீட்டரும் நிற்காமல் ஓடியது.

பாக்கி இரண்டு. சேறு கழுவக் கடல்தண்ணீர் பம்பு ஒன்று, இல்லாவிட்டால் உபின் போய்வந்த ஒரு வாரத்துக்கு முன்னறையில் படுக்கமுடியாது. அதைவிட அவசரம், சங்கிலியின் கடைமுனை. தரை இறங்கியதில், வளையத்தில் கட்டியிருந்த கயிறு இப்போது மேல்தளம்வரை எட்டவில்லை. அவசரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடவேண்டிவந்தால் கயிறு வெளியே தெரிந்தால்தானே கத்தி வைக்கமுடியும். இரண்டு மீட்டர் கயிறு எடுத்து வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை முழுச் சங்கிலியையும் மறுபடி வெளியே எடுக்கவேண்டும்.