பானை கட்டுவதற்கு முன்

“ஜோடின்னு சொல்லித்தானே குடுத்தீங்க? நாலு மாசமா முட்டை வைக்குது, ஒண்ணுகூடப் பொரிக்கலையேண்ணா.” தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பறவை விற்கும் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. முட்டை வைக்கக் கூண்டில் கட்டிய பானையைக் கவிழ்த்தால் பத்து முட்டை உருளும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் விற்கும் பட்ஜி, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஒரு தடவைக்கு நாலு முதல் ஆறு வரைதான் வைக்கும். பத்து கிடந்தால், பெரும்பாலும் இரண்டுமே பெட்டை.

ஆனாலும் அவற்றின் ஒட்டுதல் பொய்யில்லை. எட்டாத தலைப்பக்கத்தை ஒன்றுக்கொன்று கோதிவிடும், உரசிக்கொண்டு தூங்கும், இரை கக்கி ஊட்டும், மேலே ஏறவும் செய்யும். கூட்டமாக வாழும் இனம். கூண்டில் இருப்பது எதுவோ அதையே துணையாக்கிக்கொள்ளும். கொஞ்சுவதை வைத்து ஜோடி என்று முடிவு கட்டுவதுதான் தொழிலில் நடக்கும் பெரிய தவறு.

வளர்ந்த பட்ஜியில் அலகுக்கு மேலே மூக்குத்தோல் ஆணுக்கு நீலம்; பெட்டைக்குப் பருவம் வந்தால் பழுப்பு. வெள்ளை, மஞ்சள் ரகங்களில் ஆணுக்கும் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும், ஏமாறக் கூடாது. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வேறு இனம்; அதில் ஆண் பெட்டையைக் கண்ணால் பிரிப்பது நம்பகமில்லை. இறகு அனுப்பி டிஎன்ஏ பார்ப்பதே நல்லது. காட்டுப் பச்சைக்கிளியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம்.

உண்மையான சேர்க்கையை அருகில் நின்று பார்த்தால் தெரியும். ஆண் தலையை மேலும் கீழும் ஆட்டி, பெட்டையின் அலகைத் தட்டும். கண்மணி சுருங்கிப் புள்ளியாகும். இரை ஊட்டும். பெட்டை குனிந்து வாலைத் தூக்கிக் கொடுத்தால், ஆண் ஏறி ஒரு சிறகால் அணைத்து, வாலை அடியில் வளைக்கும். கம்பு ஆடினால் இது பாதியில் நழுவிவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் கம்பை எடுத்துவிட்டு, விரல் பருமனில் வேப்பங்குச்சியை இரு முனையும் இறுக்கிக் கட்டினாலே பல கூமுட்டைகள் குறையும்.

புதுப் பறவையை 30 நாள் தனியே வையுங்கள். பிறகு கூண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒரு வாரம், அதற்குப் பிறகே ஒன்றாக. ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகல உயரம். ஊட்டுவதைப் பார்க்கும் வரை பானை வேண்டாம். முதலிலேயே கட்டினால் பெட்டை அதைப் பிடித்துக்கொண்டு ஆணைக் கிட்டவே விடாது. கூட்டமாக வளர்த்தால் ஐந்து ஜோடிக்கு எட்டுப் பானை, எல்லாம் ஒரே உயரத்தில். துணையில்லாத பெட்டை ஒன்று மிஞ்சினாலும் அடுத்த பானைக்குள் புகுந்து குஞ்சைக் கொத்தும்.

அடை உட்கார்ந்த ஏழாம் நாள் முட்டையைச் செல்போன் டார்ச்சில் பிடித்தால், கரு பிடித்திருந்தால் சிவப்பு நரம்பு தெரிய வேண்டும். 18 நாளில் பொரிக்கும்.

ஒரு வயது நிரம்பாத பெட்டைக்குப் பானை கட்டாதீர்கள். முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டால் தரையில் உப்பி உட்கார்ந்து வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கும். சுண்ணாம்புச்சத்துக் குறைவும் ஓசூர், தளிப் பக்கத்து மார்கழிக் குளிரும் சேர்ந்தால் இது அதிகம். வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளே உடைந்து உயிரே போகும். 30 டிகிரி வெதுவெதுப்பில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாட்டுமருந்துக் கடைக் கடல்நுரையும் முருங்கைக்கீரையும் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். தினை, சாமை மட்டும் போதாது.

தர்மபுரிச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பானைக்குள் குஞ்சு வெந்துவிடும். பங்குனியிலேயே பானையைக் கழற்றிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை பொரித்தால் போதும்.

இரண்டும் பெட்டை என்று தெரிந்தவுடன் பிரித்துவிடவும் தேவையில்லை. முட்டையை எடுக்க எடுக்க மறுபடி வைத்து உடம்பு தேயும். மூன்று வாரம் அப்படியே விட்டால் சலித்துப்போய்த் தானாக எழுந்துவிடும். அப்போது பானையை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பத்து மணி நேரமாகக் குறையுங்கள். பானை இல்லாவிட்டாலும் ராத்திரி ஒரே கம்பில் ஒட்டித்தான் தூங்கும்.