மூச்சு 127

நவம்பர் 4
குழல் உறையிலேயே கிடக்கிறது. எண்ணெய் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, விரிசல் விட்டுவிடும் என்கிறாள் மனைவி. விடட்டும்.

நவம்பர் 7
பார்சல் இன்னும் வரவில்லை. அது இசைக் கருவியா, மருத்துவச் சாதனமா, கணினி உதிரியா என்று கேட்டு சுங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. மூன்றும்தான் என்று எழுதச் சொன்னேன். "மூன்றுக்கும் வரி போடுவார்கள் மாமா" என்றான் கார்த்திக்.

நவம்பர் 9
இடது மோதிர விரல். இன்றும் ஒன்றுமில்லை.

நவம்பர் 12
பிசியோதெரபிப் பெண் மூன்று பந்துக் குழாயைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னாள். மூன்றும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. கையைத் தட்டினாள். நாற்பது வருட மூச்சம்மா, அது எங்கே போகும்?

இரவு வீடியோவில் கிளாரன்ஸ் அடூவைப் பார்த்தேன். ட்ரம்பெட் வாசித்தவர். 1995 கார் விபத்துக்குப் பிறகு தோளுக்குக் கீழே அசைவில்லை. மூச்சும் தலை அசைவும் போதும் என்று இசையமைப்பாளர் ரோல்ஃப் கெல்ஹார் செய்து தந்த ஹெட்ஸ்பேஸ் என்ற கருவியை வாசிக்கிறார். எனக்கு ஒரு கைதானே என்று ஆறுதல் தேடினேன். உடனே வெட்கமாகப் போயிற்று.

நவம்பர் 18
வந்துவிட்டது. கட்டைவிரல் அளவுப் பெட்டி, ஒரு ரப்பர் குழாய், தலையில் மாட்டும் பட்டை. மூச்சை 0 முதல் 127 வரை எண்ணுகிறது. நான் மெதுவாக ஊதியதாக நினைத்தது 90. இத்தனை வருடம் மாணவர்களை "மெல்ல, மெல்ல" என்று திட்டியிருக்கிறேன்! நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரம் மட்டும் அதற்கு நன்றாகப் புரிகிறது.

ஊதிய பிறகு சற்றுக் கழித்துத்தான் ஒலி வந்தது. கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 512-இலிருந்து 128-க்கு இறக்கினான் கார்த்திக். இப்போது உதட்டோடு ஒட்டி வருகிறது.

நவம்பர் 21
தோடி ராகத்தின் காந்தாரம் வரவில்லை. ஆடி அசைய வேண்டிய சுரம். வலது கையால் கீபோர்டுக் கட்டையை அழுத்தினால் காந்தாரம் நட்ட கல் மாதிரி நிற்கிறது.

நவம்பர் 23
விரலைத் துளையிலிருந்து முழுதாக எடுக்காமல், விளிம்பில் சதையை உருட்டி வரவழைப்பது அது. வாயால் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கையைப் பிடித்துத்தான் காட்டினேன். இந்தப் பெட்டிக்கு எந்தக் கையைப் பிடித்துக் காட்டுவது?

தலையைச் சாய்த்தால் சுருதி வளையும்படி கார்த்திக் அமைத்தான். நிமிர்ந்தால் மேலே, குனிந்தால் கீழே. மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. வழக்கமாக வைத்திருக்கும் அளவாம். போதாதென்றால் கூட்டலாம் என்றான். கணக்குப் போட்டேன். தோடியில் வருவது சாதாரண காந்தாரம் என்கிற சுரம். அதற்கு மேலே இரண்டு போனால் சுத்த மத்யமம், கீழே இரண்டு வந்தால் சுத்த ரிஷபம். தோடி காந்தாரம் ஆடுகிற ஊஞ்சலே அதுதான். தோடியைக் கேட்டே இராத எவனோ வைத்த அளவு! தொடாதே என்றேன்.

நவம்பர் 24
கழுத்து வலி.

நவம்பர் 28
ஒரு தடவை வந்தது. ஒரே ஒரு தடவை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"முதல் வரிசையில் உட்கார்ந்து ஆட்டுகிற தலையை இனி நீங்களே ஆட்டிக்கொள்ளலாம்" என்றாள். பிறகு கேட்காமலே குழலை எடுத்து எண்ணெய் போட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 2
வரவில்லை. ஆட்டம் முழுக்கத் தாடையில்தான் இருக்கிறது, காந்தாரத்தில் இல்லை. கார்த்திக் எதையோ தட்டினான். போடா என்றேன். பாவம், சாப்பிடாமல் போய்விட்டான்.

டிசம்பர் 3
மோதிர விரல் துடித்தது. அல்லது நாடியாக இருக்கும்.

டிசம்பர் 6
மிருதங்கக்காரப் பிள்ளை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வியர்வை நாற்றம் என்று தலைப் பட்டையைத் துவைத்துப் போட்டாள். மழை. இன்னும் காயவில்லை.