அம்மாவின் கைரேகையும் உயிர்வாழ் சான்றும்

எண்பது வயதைக் கடந்த என் அம்மா, இரயில்வேயில் பணியாற்றி மறைந்த அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்தைப் பெற்று வருகிறார். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் திட்டம், ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு இச்சான்றை இணையவழியே அளிக்க வழிசெய்தது. நடமாட முடியாத முதியவர்கள் பலருக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி.

அம்மாவுக்கு அது உதவவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை ஏறக்குறைய அழிந்துவிட்டது. வங்கியில் இருந்த இளைஞர் பொறுமையாகப் பத்து விரல்களையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ரேகை விழலம்மா, மெஷின் எடுக்கலன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பல ஆண்டுகளாக அம்மாவை அறிந்தவர் அவர். அவர் கண்முன்னே அமர்ந்திருந்தவரை உயிருடன் இருப்பவராக ஏற்கும் அதிகாரம் அவரிடம் இல்லாமல், மேசையிலிருந்த சிறு கருவியிடம் போய்விட்டது என்பதுதான் என்னை அன்று உலுக்கியது. அம்மாவோ குறை தன் கையில்தான் என்று எண்ணி, அன்றிரவிலிருந்து விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கத் தொடங்கினார்.

அடுத்து, 2021இல் அறிமுகமான முக அடையாள முறையை முயன்றோம். கைப்பேசியில் இரண்டு செயலிகளை நிறுவி, ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பதிந்து, வரும் கடவுச்சொல்லை இட்ட பிறகு, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். கண்புரை அறுவைக்குப் பின் வெளிச்சத்தில் கூசும் கண்களோடு அம்மா எவ்வளவு முயன்றும், ஆதார் எடுத்த காலத்துப் படத்தோடு அவர் முகம் பொருந்தவில்லை.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பு, அரசு ஊழியர் உழைத்து ஈட்டும் ஓய்வூதியம் அவரது உரிமை என்றும், அதை, அரசின் மானியங்களையும் நலன்களையும் பெற ஆதாரைக் கேட்க இடமளிக்கும் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ் கொண்டுவர முடியாது என்றும் கூறுகிறது. 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையும், ஜீவன் பிரமாணுக்கு ஆதார் கட்டாயமன்று, விருப்பத்தின் பேரில் மட்டுமே, மாற்று வழியும் இருக்க வேண்டும் என்கிறது. மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று: காகிதப் படிவத்தில் வங்கி அதிகாரி போன்ற தகுதியுடையோர் கையொப்பமிடும் பழைய முறைதான்.

கைரேகையும் முகமும் பொருந்தவில்லை, காகிதச் சான்றை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, அறிவிக்கையின் நகலை இணைத்துக் கிளை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார், படிவத்தை வரவழைத்தார், அம்மாவிடம் பெயரும் அப்பாவின் பணியிடமும் கேட்டுவிட்டுத் தாமே கையொப்பமிட்டார். இத்தனை நாள் அலைச்சலுக்கும் தீர்வு அந்த மேசையிலேயே இருந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எவருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் புதிய கருவி வந்தவுடன் பழைய வழி ஒழிந்துவிட்டதாக அலுவலகமே நம்பிவிடுகிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் கருவி மறுத்த உடனேயே காகிதப் படிவத்தைக் கேளுங்கள். வாய்மொழியாக மறுத்தால், எழுத்தில் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். சான்றைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வங்கியை விட்டு வெளியேற வேண்டாம். ஓய்வூதியம் நின்றுபோனால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.