வாங்குகிறவர் எத்தனை பேர்?

முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்தபடியே சின்னச் சின்னப் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. நாவலை நாவலாகப் படிக்கிற பழக்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது. ஒற்று மிகுமா மிகாதா என்பதிலேயே கண் நிற்கும். ஆனால் புத்தகத் தொழில் பற்றிய செய்தி என்றால் விடமாட்டேன். 2022-இல் அமெரிக்காவில் நடந்த பதிப்பக வழக்கை அப்படித்தான் ஒரு நாள் விடாமல் படித்தேன்.

பெங்குவின், ரேண்டம் ஹவுஸ் என்ற இரண்டு பெரிய பதிப்பகங்கள் 2013-லேயே ஒன்றாகிவிட்டன. அந்தக் கூட்டு நிறுவனம் சைமன் அண்ட் ஷுஸ்டர் என்கிற இன்னொரு பெரிய பதிப்பகத்தையும் 217.5 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தது. அரசு வழக்குப் போட்டது. வாசகருக்கு விலை ஏறிவிடும் என்று அரசு வாதாடவில்லை. எழுதுகிறவர் தன் பிரதியை விற்கப் போனால் விலைக்குக் கேட்க ஆள் குறைந்துவிடும் என்றது. இரண்டரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் முன்பணம் வாங்கும் புத்தகங்களைத்தான் கணக்கில் எடுத்தார்கள். (நம் பக்கம் எழுதியவருக்கு இலவசமாகத் தரும் ஆசிரியர் பிரதி பத்து வந்தாலே தாராளம்.) ஒன்றான பிறகும் இரண்டும் தனித்தனியாக ஏலம் கேட்கும் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டுக்கு எதிரெதிராக ஏலம் கேட்பதுபோல என்று, அரசுத் தரப்புச் சாட்சியாக வந்த நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் கிண்டலடித்தார். அக்டோபர் 31 அன்று நீதிபதி ஃப்ளோரன்ஸ் பான் இணைப்பைத் தடுத்தார். அடுத்த ஆண்டு கேகேஆர் என்கிற முதலீட்டு நிறுவனம் சைமன் அண்ட் ஷுஸ்டரை 162 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

திருப்பாதிரிப்புலியூரில் ஓர் எழுத்தாளர் இருக்கிறார், எனக்கு அண்ணன் மாதிரி. அவரிடம் இதைச் சொன்னேன். "நமக்கென்னம்மா, இங்கதான் தெருவுக்கு ரெண்டு பதிப்பகம் இருக்கே" என்றார். இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பதிப்பகங்கள் யாரிடம் விற்கின்றன? கண்காட்சி விற்பனை போக, போட்ட முதல் மொத்தமாகத் திரும்புவதற்கு அவர்கள் நம்பியிருப்பது நூலக ஆணையை, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாக வாங்குவதை. விற்க அத்தனை பேர், மொத்தமாக வாங்க அரசு ஒன்று. அந்த ஆணை இல்லையென்றால் நான் புரூஃப் பார்த்த நாவல்களில் பாதி அச்சுக்கே போயிருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும், கேட்கிறவர் குறைந்தால் என்ன ஆகும் என்று அங்கே நீதிமன்றத்தில் பேசினார்களே, அது இங்கே பதிப்பாளர் தலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கவலை கதைக்குள் நுழைவது பாரம் வழியாக. அச்சில் பதினாறு பக்கம் ஒரு பாரம். நூலகத்துக்கு வெகுகாலம் விலை போட்டது பாரக் கணக்கில். அண்ணனுடைய முதல் நாவல் லே-அவுட் முடிந்ததும் 151 பக்கத்தில் நின்றது. பதிப்பாளர் போன் செய்து, "இன்னும் ஒன்பது பக்கம் குடுத்துடுங்க சார், பத்து பாரமாயிடும்" என்றார். அண்ணனும் எழுதினார். அதுவரை வாயே திறக்காத மீனவர் ஒருவர், தேவனாம்பட்டினம் கடற்கரையில் பழைய பள்ளித் தோழனிடம் ஒன்பது பக்கத்துக்குத் தன் மனசைக் கொட்டுகிறார். புரூஃபில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஆள் பேசாமல் இருந்ததுதானே நாவலே. அப்புறம் ஒருவர் விமர்சனம் எழுதினார், அந்த உரையாடல்தான் நாவலின் உச்சமாம். அதை யார் கணக்கில் எழுதுவது, அண்ணனா பதிப்பாளரா?

பழைய மாத நாவல்களும் பக்கக் கட்டுக்குள் எழுதியவைதானே என்பீர்கள். சரிதான். ஆனால் அப்போது ஓர் இதழ் வேண்டாமென்றால் இன்னொன்று இருந்தது. இப்போது அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிட்டெடில் எழுதுகிறவருக்குப் பணம், வாசகர் படித்த பக்கத்தைப் பொறுத்து, ஒரு பொது நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதி எவ்வளவு என்று முடிவுசெய்வது அமேசான் ஒருவர்தான். பக்கத்துக்குக் காசு என்றால் யார் சுருக்கி எழுதுவார்கள்? என் நாத்தனார் பிரதிலிபி என்கிற இணையத் தளத்தில் தொடர்கதை எழுதுகிறாள். கல்யாணம் நின்றுபோவதே அதில் பல அத்தியாயம் நடக்கிறது. நன்றாகத்தான் எழுதுகிறாள், நிறுத்தத்தான் முடியவில்லை.

எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் முரட்டு உதாரணம் வெஸ்ட்லேண்ட் பதிப்பகம். 2016-இல் அமேசான் அதை வாங்கியது. 2022 பிப்ரவரியில் மூடுகிறோம் என்று அறிவித்தது. பெருமாள்முருகனின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அங்கேதான் இருந்தன. புத்தகம் கிடைக்காமல் போய்விடுமோ என்று வாசகர்கள் அவசர அவசரமாக வாங்கினார்கள். அதே ஆண்டு வெஸ்ட்லேண்ட் குழு பிரதிலிபியோடு சேர்ந்து மறுபடி தொடங்கியது. ஆக, நாத்தனாரின் தொடருக்கும் அந்தப் பதிப்பகக் குழுவுக்கும் ஒரே கூரை ஆயிற்று.

சிறு பதிப்பகம் என்றாலே புனிதம் என்றும் நான் சொல்லமாட்டேன். முன்பணம் தருவது இருக்கட்டும், அச்சுச் செலவை எழுத்தாளரிடமே வாங்கிக்கொண்டு, எத்தனை பிரதி விற்றது என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் காட்டாதவர்களுக்கும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அண்ணனின் இரண்டாவது நாவல் போன வாரம் வந்தது. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் சேர்த்து 176 பக்கம், சரியாகப் பதினோரு பாரம். பதிப்பாளர் ஏதாவது சொன்னாரா என்று போனில் கேட்டேன். "யாரும் சொல்லலைம்மா, எழுதும்போதே கணக்குப் பாத்துக்கிட்டேன்" என்றார். இந்த முறை எங்கே இட்டு நிரப்பியிருக்கிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.