பந்தலூர் மழையில் மனு சாவோ

இந்த மழைக்காலம் முழுவதும் நான் கேட்டது ஒரே ஆல்பம்: 1998இல் வந்த 'க்ளாந்தெஸ்தினோ'. 'மானோ நெக்ரா' இசைக்குழு கலைந்தபின் அதன் பாடகர் மனு சாவோ தனியாக வெளியிட்ட முதல் ஆல்பம் அது. கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவிகளோடு லத்தீன் அமெரிக்காவில் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஒலிகள் அதில் இருக்கின்றன. கிதார், ஜமைக்காவின் ரெகே, வானொலிக் குரல்கள், மெக்சிகோவின் பழங்குடிக் கிளர்ச்சியாளர்களான சாபதிஸ்தாக்களின் அறிக்கை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வருகின்றன. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம், போர்த்துகீசியம் என்று மொழி மாறிக்கொண்டே இருக்கிறது. பதினாறு பாடல்கள், எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. 'போங்கோ போங்' ஆங்கிலத்தில் ஓடுகிறது, அதே தாளம் நிற்காமல் தொடர, அதன்மேல் பிரெஞ்சுப் பாட்டு ஏறிக்கொள்கிறது. கூடலூர் பஸ்ஸில் முதன்முறை கேட்டபோது அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தலைப்புப் பாடல், குடியேற்றக் காகிதமில்லாத ஒருவனின் குரல். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள செயுத்தாவுக்கும் ஐரோப்பியக் கரையிலுள்ள ஜிப்ரால்டருக்கும் இடையில் கடலைக் கடந்து, வடக்கே ஒரு நகரத்தில் ஒளிந்து வாழ்பவன். மனு சாவோ 1961இல் பாரிஸில் பிறந்தவர். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்கால ஸ்பெயினை விட்டு வந்தவர்கள் அவருடைய பெற்றோர். அந்தப் பாட்டை அவர் இரக்கத்தோடு வெளியே நின்று பாடவில்லை, 'நான்' என்றுதான் பாடுகிறார்.

எங்கள் வீட்டிலும் அந்த 'நான்' உண்டு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. தாத்தாவும் அப்பாயியும் அந்தக் கணக்கில் வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, டான்டீ என்னும் தமிழக அரசுத் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்த நீலகிரி மலைக்கு வந்தார்கள். இங்கே எங்களைச் 'சிலோன்காரர்கள்' என்றார்கள். இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் அவர்கள் 'இந்தியர்கள்'.

அப்பாயிக்கு அந்தப் பாட்டின் மொழி புரியாது. கேட்டுக்கொண்டே விரலால் கட்டிலில் தட்டி, "பைலா போல இருக்கிறதே, தோட்டத்து லயன் வீடுகளில் கல்யாணத்துக்கு ஆடுவோமே" என்றார். கணக்குப் பார்த்தால் பைலாவின் ஆறு எண்ணிக்கை இதில் இல்லை. ஆனாலும் அவர் காது தவறவில்லை என்றே நினைக்கிறேன். போர்த்துகீசியரும் அவர்களுடன் வந்த ஆப்பிரிக்கர்களும் இலங்கையில் விட்டுச்சென்றது பைலா. லத்தீன் அமெரிக்க இசையின் பெரும்பகுதியும் ஐபீரியாவும் ஆப்பிரிக்காவும் கலந்து உருவானதுதான். ஆட வைக்கும் தாளத்தில் துயரத்தைச் சொல்வது அப்பாயிக்குப் புதிதே அல்ல.

பாட்டின் பொருளைச் சொன்னேன். "அவனுக்குக் கார்டு கிடைத்ததா?" என்று கேட்டார். பாட்டில் அது இல்லை அப்பாயி என்றேன்.

அடுத்து மனு சாவோவின் 2001 ஆல்பத்தைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இதிலிருந்த மெட்டுகளே அதிலும் வேறு வரிகளோடு திரும்பி வருகின்றன. அதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊர் மாறுகிறவர்கள் இருக்கிற பாட்டைத்தான் எடுத்துப்போக முடியும்.