எத்தனை படி என்று எண்ணிச் சொல்லுங்கள்

கனடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ எழுபது தாண்டிய ஒருவர் யாழ்ப்பாணத்து விடுதிக்கு அழைப்பெடுத்து "படி இருக்கோ?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "அது பிரச்சினையில்லை அம்மா, நாங்கள் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவம்." அன்பான பதில். ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு அவர் கழிப்பறைக்கு எழும்பும்போது பிடிக்க ஆள் இருக்காது. அவர் கேட்டது ஒரு கணக்கு. "வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், கைபிடி இல்லை. அறை கீழ்த்தளத்தில். குளியலறை வாசலில் இரண்டு அங்குலக் கட்டு இருக்கு" என்று சொன்னால், தனியே வருவதா, மகளைக் கூட்டிவருவதா என்று அவரே முடிவெடுப்பார். விடுதி நடத்துபவரும் வான் ஓட்டுபவரும் ஒரு காலைப்பொழுது அளவுநாடாவோடு சுற்றி இவற்றை எழுதிவைத்தால் போதும். செலவு ஒன்றுமில்லை.

செலவழிக்கக் காசு இருந்தால், அது முதலில் குளியலறைக்குப் போகட்டும். ஏசியும் புதுத் திரைச்சீலையும் பிறகு பார்க்கலாம். எங்கள் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துவிடும். வெளியில் நிற்பவர்கள் உடைக்கவும் தயங்குவார்கள், உடைத்தால் அவர் மேலேயே விழும். பிணைச்சலை மாற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்க விடுங்கள். உள்பூட்டு வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கொமட்டின் இருக்கை நிலத்திலிருந்து 17 முதல் 19 அங்குலம் இருக்கவேண்டும். 15 அங்குலக் கொமட்டில் முழங்கால் தேய்ந்த ஒருவர் இருந்துவிடுவார், எழும்புவதுதான் பாடு. அப்போது கை தானாக அருகில் உள்ளதைப் பற்றும். அங்கே துவாய் போடும் கம்பி இருந்தால் அதைப் பிடிப்பார், அது கழன்று வரும், அவரும் விழுவார். ஆகவே துவாய்க் கம்பியைக் கை எட்டாத பக்கத்துக்கு மாற்றி, அந்த இடத்தில் உண்மையான கைபிடி பூட்டுங்கள்: ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் குழாய், சுவருக்கும் குழாய்க்கும் ஒன்றரை அங்குல இடைவெளி, நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்ரிக் பிடிகளை வாங்கவே வேண்டாம்.

எங்கே பூட்டுகிறோம் என்பதும் முக்கியம். உள்ளே குழிவுள்ள சீமெந்துக் கல்லுச் சுவரில் பிளாஸ்ரிக் பிளக்கும் சின்ன ஸ்குறூவும் ஒரு மாதம் நிற்கும், பிறகு ஆடும். அப்படியான சுவரில் மறுபக்கம் வரை துளைத்து, வெளியே இரும்புத் தட்டு வைத்து போல்ட்டும் நட்டும் போட்டுப் பூட்டவேண்டும். அல்லது அந்தக் குழிவைக் கொங்கிறீற்றால் நிரப்பிய பிறகு பூட்டவேண்டும். வேலை முடிந்ததும் கனமான ஒருவர் தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. சவர்க்காரத்தோடு சேர்ந்து தரையில் வழுக்கும் படலமாகப் படியும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது போகாது. வினாகிரி தேய்த்துப் பிரஷ்ஷால் உரஞ்ச வேண்டும். அதே நேரத்தில் பிளீச் ஊற்றாதீர்கள், நச்சுவாயு வரும்.

வாசலுக்கு றாம்ப் (சாய்தளம்) கட்டுபவர்கள் செய்யும் பிழை ஒரே மாதிரியானது. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலத்தில் மூன்று படி என்றால் 18 அங்குலம். றாம்ப் 18 அடி நீளவேண்டும். இடமில்லை என்று ஆறு அடியில் கட்டி, மேலே வழுவழுப்பான ரைல்ஸும் பதித்தால் மழை நாளில் அது சறுக்குமரம்தான். இடமில்லாவிட்டால் கட்டாமல் விடுவது நல்லது. படிகளின் இரண்டு பக்கமும் கைபிடி போட்டு, ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் கோடு அடியுங்கள். கட்டுவதானால் சீமெந்து காயுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள்.

அறைக்குள்: கொசுவலையின் நுனி நிலத்தில் கிடக்கக்கூடாது, இரவில் கால் சிக்கும். கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் ஒரு சுவிச். இன்சுலின் வைக்கும் பிறிஜ் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். பிறீசரை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலினை எறியத்தான் வேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தையும், பக்கத்தில் தெரியும் அடையாளத்தோடு விடுதி விலாசத்தையும் தொலைபேசியருகே பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

பயணத்தில் பலர் கவனிக்காத ஒன்று: கழிப்பறை எங்கே என்று தெரியாத முதியவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வெயிலும் பிறெஷர் குளிசையும் சேர, வானை விட்டு இறங்கும்போது தலை சுற்றும். "போத்தல் இருக்கு, குடியுங்கோ" என்று சொல்வதால் பயனில்லை. "இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் நிற்பம், அங்க கொமட் இருக்கு" என்று புறப்படும்போதே சொன்னால் அவர் தானே குடிப்பார். அந்த இடத்தில் தண்ணீர் வருகிறதா என்பதைச் சாரதி முதல்நாளே பார்த்திருக்கவேண்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மணல் காலையிலும் மாலையிலும் சுகமானது, மத்தியானத்தில் சுடும். சலரோகத்தால் (நீரிழிவால்) பாதம் மரத்தவருக்கு அந்தச் சூடு தெரியாது. இரவில் கொப்புளத்தைக் கண்ட பிறகுதான் தெரியும், அது புண்ணாகி ஆறாமல் இழுக்கும். ஆகவே காலை ஏழு மணிக்கு முன் கூட்டிப்போங்கள். திருவிழாக் காலத்தில் வாகனம் தூரத்திலேயே நிற்கும் என்பதையும், ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுவது இன்னும் கடினம். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் வைகாசி முதல் ஆவணி வரை படகு ஏறி இறங்கி ஆடும். அம்மன் திருவிழா வரும் ஆனியும் அதற்குள்தான். காலையில் முதற் படகுகளில் போங்கள். பையும் ஊன்றுகோலும் முதலில் கைமாறட்டும். ஒருவர் படகில், ஒருவர் இறங்குதுறையில் நின்று, கையைப் பிடித்து இழுக்காமல், முழங்கைக்குக் கீழே தாங்கவேண்டும். படகு உயர்ந்து துறையோடு சமமாகும்போது அவர் தானே கால் வைக்கட்டும். உள்ளே இறங்கிக் குனிந்து போகமுடியாதவர் என்றால், அதை விடுதியிலேயே மரியாதையாகச் சொல்லி, படகில்லாமல் போகக்கூடிய கீரிமலைச் சிவன் கோயிலையோ செல்வச்சந்நிதி முருகன் கோயிலையோ அன்றைக்கு ஒழுங்குபண்ணுங்கள். கீரிமலைக் கேணிப் படிகள் ஈரத்தில் வழுக்கும், அதையும் எண்ணிச் சொல்லிவிடுங்கள்.