புகைபோக்கியில் புகை இல்லையே!

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கதவைத் தட்டியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. எண்பதை எட்டிய ஒரு பாட்டி. தலையில் கம்பளிக் குல்லாய், கையில் ஓர் இரும்பு வாளி. “உங்கள் புகைபோக்கியில் புகை இல்லையே” என்றார். விசாரிக்கிறாரா, கண்டிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் தம்பி, அதே கோலத்தில்.

இரவு இரண்டு மணிவாக்கில் மின்சாரம் போயிருந்தது. மின்சாரத்தோடு ஹீட்டர், அடுப்பு, வெந்நீர், இன்டர்நெட் எல்லாம் போயின. செல்போனுக்கு அந்த ஊரில் ஏற்கெனவே சிக்னல் அரைகுறைதான். தம்பி டார்லிங்டனில் வேலை பார்க்கிறான். “அக்கா, லண்டனை எல்லோரும்தான் பார்க்கிறார்கள், உனக்கு நிஜ இங்கிலாந்தைக் காட்டுகிறேன்” என்று ஜனவரிக் கடைசியில் என்னை இழுத்து வந்த இடம் மியூக்கர். வடக்கு யார்க்‌ஷயரில், ஸ்வேல் நதி பிறந்து இறங்கும் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் இருக்கும் சின்னஞ்சிறு கல் ஊர். ரிச்மண்டிலிருந்து ‘லிட்டில் ஒயிட் பஸ்’ஸில் வந்தோம். பெயருக்கேற்ற குட்டி வெள்ளை பஸ்தான். லாபத்துக்காக ஓடும் பஸ் அல்ல. பெரிய பஸ்கள் கட்டுப்படியாகாத மலைப்பாதைகளில் வட்டாரத்து மக்களே அமைப்பு வைத்து நடத்துகிறார்கள். ஓட்டுநர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

வாடகைக்கு எடுத்த வீட்டில் கணப்பு இருந்தது. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதற்குள் தம்பி தன் ஷூக்களை வைத்திருந்தான். பாட்டி அவற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மண்டியிட்டு உட்கார்ந்தார். செய்தித்தாளை முறுக்கி முடிச்சுப் போட்டு அடியில் வைத்தார். அதன்மேல் விரல் தடிமனில் சிராய், அதன்மேல் வாளியிலிருந்து முட்டை வடிவக் கரி உருண்டைகள். இங்கிலாந்தில் வீட்டு அடுப்புக்குச் சாதாரண நிலக்கரி விற்க 2023 மே முதல் தடை. புகை குறைந்த இந்த உருண்டைகளுக்கும் உலர்ந்த விறகுக்கும் அனுமதி உண்டு. ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துவிட்டார். பிறகு வெளியே போய், தெருவில் நின்று எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார். புகை வந்துவிட்டது. வாளியை எங்களிடமே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

பாட்டி என்று நான் எழுதுகிறேனே தவிர, ஊரில் பத்து வயதுப் பையன்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அவரோ என் தம்பியை ‘லவ்’ என்று கூப்பிட்டார். அவன் காது சிவந்துவிட்டது. யார்க்‌ஷயரில் கடைக்காரர் முதல் பஸ் ஓட்டுநர் வரை எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அவருடைய மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊரின் கூரைகள் பெரும்பாலும் தெரியும். பனி விழுந்த காலையில் முதல் வேலை, புகைபோக்கிகளை எண்ணுவது. இன்னார் ஏழு மணிக்கே பற்றவைப்பார், இன்னார் சோம்பேறி, ஒன்பது ஆகும் என்று எல்லாம் மனப்பாடம். நேரம் தாண்டியும் புகை வரவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டுவார். முன்பு மின்சாரம் போனாலும் செம்புக் கம்பியில் ஓடிய தொலைபேசி வேலை செய்யும். இப்போது அதுவும் இணையத்துக்கு மாறிவருவதால் மின்சாரத்தோடு சேர்ந்து அணைந்துவிடுகிறது. ஆகவே கூரையைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

ஆனால் எண்ணுவதற்கே புகைபோக்கிகள் குறைந்துகொண்டு வருகின்றன. பல வீடுகள் நகரவாசிகளின் விடுமுறை வீடுகள், எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடப்படுபவை. குளிர்காலத்தில் ஜன்னல்கள் இருண்டே கிடக்கும். வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில் 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு வரியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கான ஆர்கன்கார்த்டேலின் ஆரம்பப் பள்ளி, பிள்ளைகள் குறைந்துபோய் 2019இல் மூடப்பட்டது. பாட்டி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. “அந்த ஐந்து வீட்டை நான் பார்ப்பதே இல்லை” என்றார், அவ்வளவுதான். நானும் அப்படி ஒரு வீட்டில்தான் தங்கியிருக்கிறேன் என்பது உறுத்தியது.

வெளியே வந்து பார்த்தேன். முந்தின நாள் அம்மாவிடம் போனில் “இங்கே பனி பெய்யும்போலிருக்கிறது” என்றிருந்தேன். “தலைக்குத் துணி கட்டிக்கொள்” என்றார். தவறு அவருடையது அல்ல. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனி, இங்கே முழங்காலுக்கு மேல் ஏறிக் கதவை அடைத்து நிற்பதும் பனி என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளுகிறோம். ஸ்வேல்டேலின் அழகே அதன் கல்சுவர்கள்தான். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கி, மலைச்சரிவு முழுக்கக் கட்டம் போட்டதுபோல் ஓடும். கட்டத்துக்கு ஒன்றாக, மாடும் காய்ந்த புல்லும் வைப்பதற்கென்று கட்டிய கல் தொழுவம். அன்று காலை அந்தக் கோடுகளில் பாதி அழிந்திருந்தது. காற்று பனியை அள்ளிச் சுவரோரம் கொட்டிச் சமமாக்கிவிட்டது. ஹாஸ் ஊருக்குப் போகும் பட்டர்டப்ஸ் கணவாய், 526 மீட்டர் உயரம், இரவே மூடிவிட்டதாம். அந்தக் கணவாயின் ஓரத்தில் ஆழமான சுண்ணாம்புக்கல் குழிகள் உண்டு. சந்தைக்குப் போன விவசாயிகள் இளைப்பாறும்போது வெண்ணெய் உருகாமலிருக்க அவற்றில் இறக்கிவைத்தார்கள் என்பது பெயருக்குச் சொல்லும் கதை. வெண்ணெய் உருகுகிற அளவு வெயில் அந்த மலையில் அடித்தது என்பதை அன்று என்னால் நம்ப முடியவில்லை.

தெருவில் ஆளுக்கொரு வாரியோடு பனியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை, யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. ஒருவர் தன் வாசலை முடித்ததும் அப்படியே பக்கத்து வாசலுக்கு நகர்ந்தார். சாலை ஓரத்து மஞ்சள் பெட்டியிலிருந்து உப்பும் மணலும் கலந்த பழுப்புக் கலவையை எடுத்து இன்னொருவர் தூவிக்கொண்டு போனார். எங்களைப் பார்த்ததும் “நவ் தென்” என்றார்கள். ‘சரி, இப்போது’ என்று என்னவோ தொடங்கப் போகிறார்கள் என்று நான் காத்து நின்றேன். தம்பிதான் இடித்தான்: “அக்கா, அதுதான் இங்கே வணக்கம். திருப்பிச் சொல்.” ஆளுக்கொரு வாரி எங்கள் கைக்கும் வந்தது. அரை மணி நேரத்தில் என் முதுகு பிடித்துக்கொண்டது. நாங்கள் துடைத்த நடைபாதையைப் பார்த்து ஒருவர் “மோசமில்லை” என்றார். எனக்குச் சுருக்கென்றது. யார்க்‌ஷயரில் அதுதான் உச்சகட்டப் பாராட்டு என்று தம்பி சத்தியம் செய்தான். மைனஸ் 6 டிகிரிக்குக் ‘கொஞ்சம் சில்லென்றிருக்கிறது’ என்கிறவர்கள், நான் நம்பினேன்.

பிற்பகலில் ஆள் தேவைப்பட்டது. மேல் வயலில் ஒரு விவசாயியின் ஆடுகளில் சில கணக்கில் வரவில்லை. ஸ்வேல்டேல் ஆடு இந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே கொண்டது. கறுப்பு முகம், சுண்ணாம்பில் முக்கியதுபோல் வெள்ளை மூக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சுருண்ட கொம்பு. யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் சின்னமே இந்தக் கிடாவின் தலைதான். மேலே மலையில் வேலி கிடையாது. இது நம் மேய்ச்சல் எல்லை என்பதைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொண்டு அங்கேயே மேயும். அவ்வளவு புத்தியுள்ள ஆடு பனிப்புயலில் ஒரு தப்பு செய்கிறது: காற்றுக்கு ஒதுங்கிச் சுவரின் மறைவில் போய் நிற்கிறது. சுவரைத் தாண்டி வரும் காற்று தான் சுமந்துவந்த பனியை அதே மறைவில்தான் கொட்டும். ஆடு நின்ற நிலையிலேயே புதைந்துவிடும்.

சுவர் ஓரமாக நீளக் கழியைப் பனிக்குள் குத்திக் குத்திப் போனார் விவசாயி. கல்லில் பட்டால் ‘டக்’கென்று கேட்கும், தரையில் பட்டால் இறுகி நிற்கும், ஆட்டில் பட்டால் மெத்தையில் குத்தியதுபோல் இருக்கும் என்று என் கையில் கழியைக் கொடுத்தார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. கண்டுபிடித்தது நாய். ஓர் இடத்தில் நின்று முனகியது. குனிந்து பார்த்தால் பனிப்பரப்பில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, விளிம்பு லேசாக மஞ்சள் பூத்திருந்தது. உள்ளேயிருந்து மூச்சுக்காற்று உருக்கிய துளை அது. வாரியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் தோண்டினோம். முதலில் ஒரு கொம்பு, பிறகு கண். பாறைப்பிளவு மாதிரி கிடையாக இருக்கும் ஆட்டுக் கண்மணி, எந்தப் பதற்றமும் இல்லாமல் எங்களைப் பார்த்தது. முதுகின்மேல் பனி உருகாமல் அப்படியே இருந்தது. உள்சூடு வெளியே கசியாத அளவுக்குக் கம்பளி அடர்த்தி. அதற்குள் விரலை விட்டால் கதகதப்பு, பிசுபிசுவென்று எண்ணெய். அந்த வாடை இரண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை.

நான்கு ஆடுகள், அடுத்தடுத்து. எல்லாமே சினை, ஏப்ரலில் ஈனும். அவை எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நின்றபோது, எங்களுக்காக விவசாயி பழைய ஆட்டு எண்களில் எண்ணிக் காட்டினார்: யான், டான், டெதர், மெதர், பிப். ஐந்தாவது இல்லாததால் பிப் நாய்க்குப் போனது. வெல்ஷ் மொழிக்கு உறவான இந்த எண்களை இன்று யாரும் வேலைக்குப் பயன்படுத்துவதில்லை, விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டத்தான் என்று ஒப்புக்கொண்டார். அன்று காலை அவர் ஆடுகளை எண்ணியது செல்போனில் தட்டச்சு செய்த பட்டியலை வைத்து. நான் கேட்காமலே, “நான்கும் கிடைத்தது மோசமில்லை” என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

இரவு எல்லோரும் ‘ஃபார்மர்ஸ் ஆர்ம்ஸ்’ மதுக்கடையில் கூடினோம். மெழுகுவத்தி, கணப்பு, ஈரக் கோட்டுகளின் நாற்றம், ஆளின் காலடியில் ஆளுக்கொரு நாய். பழக்கேக்கோடு வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டித் துண்டு வைத்துச் சாப்பிடக் கொடுத்தார்கள். இனிப்போடு உப்பா என்று தயங்கித் தின்று, இரண்டாம் துண்டுக்கு நானே கை நீட்டினேன். பேச்சு டான் ஹில் விடுதிக்குப் போயிற்று. மியூக்கருக்கு வடக்கே, 528 மீட்டர் உயரத்தில், பிரிட்டனிலேயே உயரமான மதுக்கடை அது. 2021 நவம்பரில் ஆர்வன் புயலின்போது 61 பேர் அங்கே மூன்று இரவு மாட்டிக்கொண்டார்கள். ஒயாசிஸ் என்ற பிரபல பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடல்களைப் பாடிப் பிழைக்கும் ‘நொயாசிஸ்’ என்ற குழுவும் அதில் அடக்கம். உலகச் செய்தியானது அந்தக் கூத்து. “அவர்களுக்கு பீர் இருந்தது, எங்களுக்கு ஒரு வாரம் மின்சாரம் இல்லை, எங்களை யார் படம் பிடித்தார்கள்?” என்று ஒருவர் பொரும, கடை முழுக்கச் சிரிப்பு. பாட்டியோ 1962 டிசம்பர் 26இல் தொடங்கி மார்ச் வரை நீண்ட பனியைச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. சுவர்களின் உச்சிமேல் நடந்தே அடுத்த ஊருக்குப் போனாராம். ஏன் போனார் என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போனேன். 1580இல் கட்டியது. அதற்கு முன் இந்தப் பகுதியில் யார் இறந்தாலும் புதைப்பதற்குக் கிரின்டன் ஊர்த் தேவாலயம் வரை தூக்கிப் போகவேண்டும். கெல்ட் ஊரிலிருந்து 16 மைல், பிரம்புப் பாடையில். பனிக்காலத்தில் அது எப்படி நடந்திருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்கியது. பாதிரியாரால் வரமுடியவில்லை. வந்த ஒன்பது பேர் கோட்டோடு உட்கார்ந்து ஒரு பாட்டைப் பாடிவிட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைப் பகிர்ந்துகொண்டு, யாருக்கு மருந்து தீர்ந்துவிட்டது, யாரிடம் உபரி விறகு இருக்கிறது என்று பேசி முடித்துக் கலைந்தார்கள்.

திங்கள் காலை கீழிருந்து டிராக்டர் சத்தம். முன்னால் பனி ஒதுக்கும் தகடு பூட்டி, கவுன்சில் ஒப்பந்தத்தில் ஒரு விவசாயிதான் ஓட்டி வந்தார். பதினொரு மணிக்கு மின்சாரமும் வந்தது. ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியதும் வீடு திடீரென்று சத்தக்காடாகத் தோன்றியது.

வாளியைத் திருப்பித் தரவேண்டும். கழுவித் துடைத்தேன். கையில் எடுத்தபோது மனம் ஒப்பவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய கார முறுக்கு டப்பாவை உள்ளே வைத்துக் கொடுத்தேன். பாட்டி வாளிக்குள் எட்டிப் பார்த்து, தவறிப்போய் வந்துவிட்டது என்று நினைத்து டப்பாவை என்னிடமே நீட்டினார். உங்களுக்குத்தான் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டப்பா எங்கள் கதவுப் பிடியில் ஒரு பையில் தொங்கியது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று, சுத்தமாகக் காலி. “அக்கா, அவர்கள் வழக்கம் இதுதான்போல” என்று தம்பி சிரித்தான். மூடியைத் திறந்தால் உள்ளே நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம். பென்சிலில் இரண்டே சொற்கள்: ‘நாட் பேட்’.